பின்னால் மாற்ற முடியுமா?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு வீட்டில் கிளம்பும் அடுத்த பேச்சு லேப்டாப்தான். "சார், எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். "விலை கையைக் கடிக்கக் கூடாது, படிப்பு முடியும்வரை ஓடணும்." நியாயமான ஆசை. நான் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பல வருஷங்களாகப் பார்த்துக்கொள்பவன். முதல் வருஷம் புது லேப்டாப்பைப் பையிலிருந்து ஆசையாக எடுத்துக் காட்டுகிற பிள்ளைகள், மூன்றாம் வருஷம் அதையே என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். அந்த மேஜை எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

விஷயம் ஒரே ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். "இதைப் பின்னால் மாற்ற முடியுமா?" வாங்கப் போகிற லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து இதைக் கேளுங்கள். மாற்ற முடியாத பாகம் என்றால் அதற்கு இப்போதே பணத்தைப் போடுங்கள். மாற்ற முடியும் என்றால் இப்போது கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை, கையில் காசு சேரும்போது கூட்டிக்கொள்ளலாம். கடையில் நம் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் எண்ணில் சொல்லக்கூடிய விஷயங்களைத்தான். மாற்ற முடியாத சிலவற்றைப் பற்றி அந்த அட்டையில் ஒரு வரிகூட இருக்காது.

அதில் முதலாவது, மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்க்கிற கீல். ஆமாம், கதவுக்கு இருக்கிற மாதிரி கீல்தான், ஹின்ஜ் என்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் என் மேஜைக்கு வந்த லேப்டாப்புகளில் வைரஸ் வந்து கெட்டதைவிட, கீல் விட்டுப்போய்க் கெட்டது அதிகம்.

ஒரு மாணவி. இரண்டாம் வருஷம் முடியப் போகிற நேரம். லேப்டாப்பை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். "சார், மூடி நிக்க மாட்டேங்குது. ரூம்ல நாலு புத்தகத்தை அடுக்கி, அது மேல சாய்ச்சு வெச்சுத்தான் படிக்கிறேன்" என்றாள். கவிழ்த்து, அடியில் இருந்த திருகுகளைக் கழற்றி, மூடியை நெம்பினேன். இடது பக்கக் கீலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பித்தளை நட்டு உருண்டு விழுந்தது. நெல்மணி அளவுதான் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். விலை குறைந்த பல மாடல்களில், கீலைப் பிடித்திருக்கிற திருகு உலோகச் சட்டத்தில் இறங்குவதில்லை. பிளாஸ்டிக் உடம்புக்குள் பதித்த அந்தப் பித்தளை நட்டுக்குள்தான் இறங்குகிறது. கீலோ நல்ல இறுக்கம். நாளாக ஆகத் தூசி சேர்ந்து இன்னும் இறுகும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது பித்தளையைச் சுற்றியுள்ள ரெண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக். மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் வேறு இருந்தால் பாரம் ஒரே கீலில் போய் விழும். ஒரு நாள் விரிசல் விடும், இன்னொரு நாள் நட்டு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். திரைக்குப் போகிற கேபிளும் கீல் ஓரமாகத்தான் போகிறது. கீல் தள்ளாடினால் கேபிள் நசுங்கும், திரையில் கோடு விழும்.

அன்றைக்கு எபாக்ஸி பசை வைத்து ஒட்டிக்கொடுத்தேன். சில மாதம் தாங்கியது, திரும்பவும் விட்டது. அடிப்பாகத்தை முழுசாக மாற்றலாம் என்று பார்த்தால் அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கவில்லை. கடைசியில் திரையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆய்வகத்தில் சும்மா கிடந்த ஒரு மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகிக் கொடுத்தேன். அந்தப் பெண் தன் கடைசி வருஷப் புராஜெக்ட்டை, தினமும் சாயங்காலம் ஆய்வகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்துதான் முடித்தாள். லேப்டாப்புக்குள் இருந்த பிராசசர், அதாவது அதன் மூளையான சிப், என்னவோ அவள் வகுப்பிலேயே பெரியது. அவள் அப்பா, "நம்பர் பெருசா இருக்கறதா பார்த்து வாங்கினேன் சார்" என்று சொன்னார். கடன் வாங்கிப் போட்ட பணம். அந்தப் பிராசசருக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சுமந்த உடம்பு தாங்கவில்லை. இப்போது பேசும்போதும் எனக்கு அந்த நெல்மணிப் பித்தளைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் கடையில் லேப்டாப்பைக் கையில் எடுங்கள். மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். கீல் இருக்கும் மூலையில் உடம்பு வளைகிறதா, நெறிகிற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். விசைப்பலகையின் நடுவில் விரலை வைத்து அழுத்துங்கள், பள்ளமாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளைகள் கையில் அதே நிறுவனத்தின் அதே வரிசை லேப்டாப் இருந்தால், ஒரு நிமிஷம் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

சரி, ரேமுக்கு வருகிறேன். திறந்து வைத்திருக்கிற வேலைகளை லேப்டாப் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம் அது. பிரவுசரில் இருபது பக்கம், பக்கத்தில் ஓர் ஆன்லைன் வகுப்பு, கூடவே ஒரு வேர்ட் ஃபைல், இவ்வளவும் திறந்திருந்தால் 8 ஜிபி ரேம் மூச்சு வாங்கும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ஆனால் முதலிலேயே 16 வாங்க முடியாதே என்கிறீர்களா? அங்கேதான் நம் கேள்வி வருகிறது. பின்னால் மாற்ற முடியுமா? சில லேப்டாப்புகளில் ரேமைச் செருகுவதற்கு ஸ்லாட் இருக்கும். இன்னும் சிலவற்றில் ரேமை மதர்போர்டு என்கிற முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கிய அன்று எவ்வளவோ, ஆயுசுக்கும் அவ்வளவுதான். 8 ஜிபி பற்றவைத்து ஸ்லாட்டும் இல்லாத லேப்டாப்பைவிட, 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும் உள்ளது எவ்வளவோ மேல், பிராசசர் ஒரு படி குறைந்தாலும் சரி. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், பெரிய நிறுவனங்கள் பல தங்கள் வலைத்தளத்தில் மாடல் வாரியாகப் பராமரிப்புக் கையேடு வைத்திருக்கின்றன. அதில் ரேமைக் கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்லாட் இருக்கிறது.

சேமிப்பிடமும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பா? பயப்பட வேண்டாம், அதைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தைப் போட்டால் புது உயிர் வரும். நான் பயப்படுவது இஎம்எம்சி என்ற பெயரைப் பார்த்தால். மிகக் குறைந்த விலை லேப்டாப்புகளில் 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருப்பார்கள். அது போர்டிலேயே பற்றவைத்த சிப். விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. சிஸ்டமும் அதன் அப்டேட்களும் உட்கார்ந்த பிறகு மாணவனின் ஃபைலுக்கு எங்கே இடம்? இந்த ஒன்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்பேன்.

பிராசசரைப் பற்றி எல்லோரும் பேசுவதால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டெல் நிறுவனத்தின் ஐ5 என்பது ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வருகிற எண்ணில்தான் வயது இருக்கிறது. 2016இல் வந்த ஐ5-7200யூ சிப்பில் கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்கிற பகுதி, இரண்டுதான். அடுத்த வருஷம், 2017இல் வந்த ஐ5-8250யூ சிப்பில் 4 கோர். இரண்டு லேப்டாப்பின் ஸ்டிக்கரிலும் ஐ5 என்ற பெயர்தான் இருக்கும். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் 8250யூவின் தொடக்கத்தில் தலைமுறையைச் சொல்கிற இந்த 8 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற பட்டியலில் இன்டெல் சிப்புகள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது.

இன்டெலுக்குப் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சிப்பிலும் இப்படி ஒன்று உண்டு. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. காதில் விழும்போது ஏதோ பத்து எண்தான் வித்தியாசம் போல இருக்கும். அந்த 7000 வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கத்தை. 2 என்றால் ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3, அதற்கு அடுத்தது. அதோடு, 7520யூ சிப் உள்ள லேப்டாப்பில் ரேம் போர்டில் பற்றவைத்துத்தான் வரும். பாருங்கள், எங்கே சுற்றினாலும் பின்னால் மாற்ற முடியுமா என்ற கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

திரையைப் பணம் கொடுத்தால் மாற்றலாம், ஆனால் யாரும் மாற்றுவதில்லை, உடைந்தால்தான் மாற்றுவார்கள். ஆக, அதையும் மாற்ற முடியாததாகவே கணக்கில் வையுங்கள். 1366க்கு 768 என்று போட்டிருந்தால் வேண்டாம். 1920க்கு 1080, அதற்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மங்காத ஐபிஎஸ் வகைத் திரையா என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் மங்கி இருண்டு போனால் அந்தத் திரை முன்னால் நான்கு வருஷம் கண் படாத பாடு படும். இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்துப் படிப்பது கல்லூரியில் தினமும் நடக்கிறது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கு "பத்து மணி நேரம்" என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, அது எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று சொல்கிற வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி என்று வையுங்கள். சாதாரணமாக நோட்ஸ் எடுக்கும்போது லேப்டாப் 7 வாட் இழுத்தால் 6 மணி நேரம் வரும். அதுவே வீடியோ கால், கோடிங் என்று 14 வாட் இழுத்தால் 3 மணி நேரம்தான். சாதாரண வகுத்தல் கணக்கு. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிற மாடல் கிடைத்தால் விடாதீர்கள். சார்ஜரை மறந்துவிட்டு வந்தாலும், பொருத்தமான வாட் உள்ள சார்ஜரை அறையில் வேறு யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கும் யூஎஸ்பி-சி சார்ஜிங் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதனால் இது இன்னும் பரவலாகும்.

எந்தப் படிப்பு என்பதையும் பார்க்க வேண்டும். இலக்கியம், வணிகம், சட்டம் என்றால் இதுவரை சொன்னதே தாராளம். முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங் என்றால்தான் தனி கிராஃபிக்ஸ் சிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் துறையில் போய், என்ன மென்பொருள், எந்த வருஷம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் முதல் வருஷம் அது தேவைப்படாது. கேமிங் லேப்டாப் எடை அதிகம், அதன் சார்ஜரே தனிச் சுமை, வகுப்பில் பிளக் பாயிண்ட் தேடி அலைய வேண்டும். வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்து வாங்கினாலும் குடி முழுகிப் போகாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. பழைய லேப்டாப் வாங்குவதைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகங்களுக்கென்றே செய்கிற வரிசைகள் இருக்கின்றன. லெனோவோவில் திங்க்பேட், டெல்லில் முன்பு வந்த லாட்டிட்யூட், ஹெச்பியில் எலைட்புக். அலுவலகங்கள் சில வருஷத்தில் இவற்றை மொத்தமாக மாற்றும்போது விற்பனைக்கு வரும். கீல் உறுதியாக இருக்கும், உதிரிபாகம் கிடைக்கும். அதே பணத்துக்கு வருகிற மெல்லிய பிளாஸ்டிக் புது லேப்டாப்பைவிட எனக்கு இவைமேல்தான் நம்பிக்கை. வாங்கும் முன் பயோஸை, அதாவது விண்டோஸுக்கும் முன்னால் ஓடுகிற அடிப்படை மென்பொருளை, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பூட்டியிருந்தால் வேண்டாம். எல்லா விசையையும் ஒரு முறை அடித்துப் பாருங்கள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்ணும் அதில் வரும். பாதிக்கு வந்திருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வாரண்டி... தண்ணீர் கொட்டினால், கீழே விழுந்தால் சாதாரண வாரண்டியில் பெரும்பாலும் வராது, கேட்டுக்கொள்ளுங்கள். டச்பேட் மேலே எழும்பி வந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்த நிமிஷமே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோங்கள். ஆஃபிஸ் மென்பொருளுக்குக் காசு போடும் முன் கல்லூரி மின்னஞ்சலில் இலவசமாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பில்லில் சீரியல் நம்பர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், லேப்டாப்பின் அடியில் இருக்கிற நம்பரோடு ஒத்துப்பார்த்து, இரண்டையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.