கால் தளர்ந்ததா, களம் விரிந்ததா?

நேயர்களுக்கு என் வணக்கம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், இலண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில், கிரிஸ்டல் பேலஸ் அணி மான்செஸ்டர் யுனைடெட் அணியை நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தது. யுனைடெட் அணியால் அன்று ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. மையப் பின்கள வீரர்கள் பலர் காயத்தால் விலகியிருந்ததால், நடுக்கள ஆட்டக்காரரான காசிமிரோ அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் பேலஸ் அணியின் மைக்கேல் ஒலிசே பந்தோடு அவரைக் கடந்து ஓடி முதல் கோலை அடித்தார். ஆட்டம் முடிந்த பிறகு, லிவர்பூல் அணியின் முன்னாள் பின்கள வீரரும் இன்று தொலைக்காட்சி விமர்சகருமான ஜேமி காரகர், காசிமிரோ உயர்மட்டக் கால்பந்திலிருந்து விலக வேண்டிய வேளை வந்துவிட்டது என்றும், கால்பந்து நம்மைக் கைவிடும் முன் நாம் அதை விட்டுவிட வேண்டும் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். காசிமிரோவுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. யுனைடெட் ரசிகர்களிடையே அதற்கு முன்பே புகைந்துகொண்டிருந்த விவாதம் அன்று இரவு வெடித்தது.

அந்த விவாதத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். வயதேறிய ஒரு பெரிய ஆட்டக்காரரின் ஆட்டம் சரியும்போது ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிவது புதிதல்ல. ஒரு தரப்பு "இவர் முடிந்துவிட்டார்" என்று சொல்லும். மறுதரப்பு அவர் வென்ற கோப்பைகளை எண்ணிக் காட்டும். இரு தரப்பினருமே ஆட்டக்காரரை மட்டும் பார்க்கிறார்கள், அவரைச் சுற்றியுள்ள இடத்தைப் பார்ப்பதில்லை என்பதே என் வாதம். நடுக்கள ஆட்டக்காரரைப் பொறுத்தவரை இது சிறிய குறை அல்ல. முன்கள வீரரின் சரிவை அவர் அடிக்கும் கோல்களைக் கொண்டு ஓரளவு அளந்துவிடலாம். தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரரின் வேலையோ அவருக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் நிற்பவர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எளிதாகவோ கடினமாகவோ அமைகிறது.

காசிமிரோ எங்கிருந்து வந்தார் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பிரேசிலின் சாவ் பாவ்லோ அணியிலிருந்து 2013இல் ரியால் மாட்ரிட் சென்றார். ஓராண்டு போர்ட்டோ அணிக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். மாட்ரிட் அணியுடன் ஐந்து முறை, ஐரோப்பியக் கழகங்களுக்கான முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். அவற்றுள் 2016, 2017, 2018 ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தவை. அந்த ஆண்டுகளில் நடுக்களத்தில் அவருக்கு ஒரு பக்கம் லூக்கா மோட்ரிச், மறுபக்கம் டோனி குரூஸ். பந்து அவர்கள் காலில் இருந்த நேரம் அதிகம். பந்து பறிபோகும் கணத்தில் மூவரும் ஒருவருக்கொருவர் சில அடி தொலைவில் நின்றார்கள். எதிரணி வீரர் திரும்புவதற்குள் காசிமிரோ பாய்ந்து பந்தைப் பறித்தார் என்று நாம் வியந்து பார்த்த காட்சிகளில் பெரும்பாலானவை இப்படிச் சுருக்கப்பட்ட களத்தில் நிகழ்ந்தவை. ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் அவருடைய அறிவு உண்மையானது, மிக அரிதானது. ஆனால் அந்த அறிவு வேலை செய்யக் கட்டமைக்கப்பட்ட ஓர் இடமும் அவருக்கு அங்கே இருந்தது.

2022 ஆகஸ்டில் யுனைடெட் அணி பிரெண்ட்ஃபோர்டிடம் நான்கு கோல் வாங்கித் தோற்ற சில நாட்களில், ஏறத்தாழ அறுபது மில்லியன் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. முப்பது வயதானவருக்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. முதல் பருவம் அந்தக் கேள்வியை அடக்கிவிட்டது. 2023 பிப்ரவரியில் நடந்த லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூகாசில் அணிக்கு எதிராக முதல் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் அவரே. யுனைடெட் ஆறு ஆண்டுகளில் வென்ற முதல் கோப்பை அது. அந்த ஆண்டு பிரீமியர் லீக் பட்டியலில் அணி மூன்றாம் இடம் பிடித்தது.

அடுத்த பருவத்தில் அதே மனிதர் ஆட்டத்துக்கு ஆட்டம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். எரிக் டென் ஹாக் பயிற்றுவித்த அந்த அணியில், முன்கள வீரர்கள் எதிரணியின் கோல் பக்கம் வரை சென்று நெருக்கினார்கள். பின்கள வீரர்கள் வேகமான எதிரிகளுக்கு அஞ்சித் தம் கோல் பக்கமாகவே ஒதுங்கி நின்றார்கள். இரண்டுக்கும் நடுவே பரந்துகிடந்த வெட்டவெளியை ஓரிருவர் காக்க வேண்டியதாயிற்று. ஒற்றை மடையைக் கண்போல் காத்து வந்தவரிடம் ஏரிக்கரை முழுவதையும் ஒப்படைத்ததைப் போன்றது அது. எதிரணி பந்தைப் பறித்த மறுநொடி, காசிமிரோவுக்கு முன்னால் இருபது முப்பது கெஜம் திறந்து கிடந்தது. அங்கே அனுபவத்தால் ஆவது ஒன்றுமில்லை. பந்து எங்கே போகும் என்று தெரிந்தும் அங்கே போய்ச் சேர முடியாமல் நிற்பவரைத்தான் நாம் ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தோம்.

முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரரின் உடலில் முதலில் குறைவது எது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே சீராக ஓடும் திறன் உடனே போய்விடுவதில்லை. நின்ற நிலையிலிருந்து சட்டென வேகம் எடுப்பதும், திசை மாறித் திரும்புவதும், ஒரு முறை பாய்ந்து ஓடிய பின் மூச்சு வாங்கி உடனே இன்னொரு முறை பாய்வதும்தான் முதலில் மந்தமாகின்றன. பாஸ் கொடுக்கும் கால் பழுதாவதில்லை. ஆட்டத்தைப் படிக்கும் கண் இன்னும் கூர்மையாகவும் ஆகலாம். அதனால்தான் ரசிகர்கள் விவாதத்தில் எடுத்து வீசும் கிலோமீட்டர் கணக்குகள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. ஒருவர் அதிகத் தூரம் ஓடியிருப்பதே, அவருடைய அணி சிதறி நின்றதற்கு அடையாளமாக இருக்கக்கூடும்.

2024 செப்டம்பர் 1 அன்று யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தை என்ன சொல்லித் தற்காப்பது என்று அவருடைய ஆதரவாளர்கள் என்னைக் கேட்டால், தற்காக்க வேண்டாம் என்றே சொல்வேன். முதல் பாதியில் லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் அடித்த இரண்டு கோல்களும் காசிமிரோவிடமிருந்து பறிபோன பந்துகளில் பிறந்தவை. ஒரு முறை அவர் கொடுத்த பாஸ் இடைமறிக்கப்பட்டது, மறுமுறை அவர் காலிலிருந்தே பந்து பறிக்கப்பட்டது. இடைவேளையில் அவர் வெளியே எடுக்கப்பட்டு, இருபது வயது டோபி கோலியர் உள்ளே வந்தார். யுனைடெட் மூன்று கோல் வாங்கித் தோற்றது. இரண்டு கோல்களிலும் பந்து அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதற்கு வெட்டவெளியைக் காரணம் காட்ட முடியாது. தன் வேகம் குறைந்துவிட்டதை உணர்ந்த ஆட்டக்காரர் பந்தோடு இருக்கும்போதும் பதற்றமடைகிறார் என்பது என் கணிப்பு. காலில் எழும் ஐயம் மெல்லத் தலைக்கும் ஏறுகிறது.

இதே கதையை ரசிகர்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். லிவர்பூல் அணித்தலைவர் ஸ்டீவன் ஜெரார்டுக்கு முப்பத்து மூன்று வயதானபோது, பயிற்றுநர் பிரெண்டன் ராஜர்ஸ் அவரைப் பின்கள வீரர்களுக்குச் சற்று முன்னால், நடுக்களத்தின் அடியில் நிறுத்தினார். 2013-14 பருவத்தில் அது அற்புதமாகப் பலித்தது. முன்னால் சுவாரெஸும் ஸ்டரிட்ஜும் ஸ்டெர்லிங்கும் எதிரணியை ஓட ஓட விரட்டினார்கள். பக்கத்தில் ஜோர்டன் ஹெண்டர்சன் இருவருக்குமான ஓட்டத்தையும் சேர்த்தே ஓடினார். லிவர்பூல் தொடர்ந்து பதினொரு லீக் ஆட்டங்களை வென்றது. பிறகு 2014 ஏப்ரல் 27 அன்று செல்சி அணிக்கு எதிராக ஜெரார்ட் சறுக்கி விழ, டெம்பா பா பந்தை எடுத்துச் சென்று கோலடித்தார். ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம் எனக் கைவிட்டுப் போனது. பருவ முடிவில் மான்செஸ்டர் சிட்டி 86 புள்ளிகளுடன் பட்டம் வென்றது, லிவர்பூல் 84 புள்ளிகளுடன் நின்றது. அந்தச் சறுக்கலைக் கோடிக்கணக்கானோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்று ஹெண்டர்சன் களத்தில் இல்லை, முந்தைய சிட்டி ஆட்டத்தில் பெற்ற சிவப்பு அட்டைக்காக அவர் தடை செய்யப்பட்டிருந்தார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அடுத்த பருவத்தில் சுவாரெஸ் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். ஸ்டரிட்ஜ் பெரும்பாலும் காயத்தில் இருந்தார். முன்னால் விரட்டுவார் இல்லாமல் போகவே, எதிரணிகள் ஜெரார்டுக்கு ஓர் ஆளை ஒட்டவைத்தன. அவர் திரும்பிப் பார்க்கும் முன் அந்த ஆள் மேலே வந்து நின்றார். "ஜெரார்ட் ஒரே கோடைக்காலத்தில் கிழவராகிவிட்டார்" என்று லிவர்பூல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பேசத் தொடங்கினார்கள். ஓராண்டில் எவரும் அவ்வளவு மூப்படைவதில்லை. அவர் அப்படியேதான் இருந்தார். முன்னே அவருக்கு மறைவாக நின்ற ஓட்டக்காரர்கள்தாம் இல்லாமல் போயிருந்தார்கள். 2015 ஜனவரியில் அவர் கழகத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தார். மே 24 அன்று ஸ்டோக் அணியிடம் ஆறுக்கு ஒன்று எனத் தோற்ற ஆட்டமே லிவர்பூல் சட்டையில் அவருடைய கடைசி ஆட்டம். அந்த ஒரு கோலை அடித்தவரும் அவரே.

மீண்டும் காசிமிரோவிடம் வருகிறேன். இடமே எல்லாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் யுனைடெட்டின் பயிற்றுநராகப் பொறுப்பேற்று, மூன்று மையப் பின்கள வீரர்களை வைத்து ஆட்டத்தின் அமைப்பையே மாற்றினார். அந்தப் புதிய அமைப்பிலும், டிசம்பர் 30 அன்று நியூகாசில் அணி முதல் இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்து யுனைடெட்டை நிலைகுலையச் செய்தது. அன்று நடுக்களத்தில் காசிமிரோவுக்குத் துணையாக நின்றவர் கிறிஸ்டியன் எரிக்சன். இருவருக்கும் வயது முப்பத்திரண்டு, இருவருமே வேகம் குறைந்தவர்கள். பந்து எங்கே போகும் என்று இருவருக்கும் தெரிந்தது, ஓடிப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அதன்பின் பல வாரங்கள் காசிமிரோ அணியில் ஏறத்தாழ மறைந்தே போனார். ஜனவரியில் அவரை விற்றுவிட வேண்டும் என்பது அப்போது ரசிகர்களிடையே பெரும்பான்மைக் கருத்தாக இருந்தது.

அவர் போகவில்லை. பயிற்சியில் உழைத்து, வசந்த காலத்தில் மீண்டும் இடம் பிடித்தார். பக்கத்தில் இப்போது மானுவேல் உகார்த்தே இருந்தார். உருகுவே நாட்டின் இந்த இளைஞருக்குப் பந்தை வைத்து நுட்பம் காட்டத் தெரியாது என்று குறை சொல்வோர் உண்டு, ஆனால் ஓடி மறிப்பதில் அவர் அலுப்பதே இல்லை. ஓடும் வேலை அவருக்கு, படிக்கும் வேலை காசிமிரோவுக்கு என்று பிரிந்தது. 2025 ஏப்ரல் 17 அன்று, சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான ஐரோப்பா லீக்கின் கால் இறுதியில், கூடுதல் நேரத்தில் லியோன் அணி நான்குக்கு இரண்டு என முன்னிலை பெற்றபின், யுனைடெட் கடைசிச் சில நிமிடங்களில் மூன்று கோல் அடித்து ஐந்துக்கு நான்கு என்று வென்றது. பெனால்டி கிடைத்தது காசிமிரோ வீழ்த்தப்பட்டதால்; சக வீரர் மைனூவின் கோலுக்குப் பந்து கொடுத்தவர் அவர்; மற்றொரு சக வீரர் மகுவாயர் தலையால் முட்டிய பந்தை உயர்த்தி அனுப்பியவரும் அவர். இரண்டு வாரம் கழித்து பில்பாவோவில் நடந்த அரையிறுதியில் முதல் கோல் அவருடையது. இறுதி ஆட்டத்தில் டோட்டனமிடம் ஒரு கோலில் அணி தோற்றது. லீக் பட்டியலிலும் பதினைந்தாம் இடத்துக்குத் தாழ்ந்தது. அப்படி ஒரு மோசமான ஆண்டிலும், அவரை வெளியேற்றச் சொன்னவர்களே கைதட்டினார்கள். மாட்ரிட்டில் அவருக்குப் பயிற்றுநராக இருந்த கார்லோ அன்செலோட்டி பிரேசில் அணியின் பொறுப்பை ஏற்றதும், 2023க்குப் பிறகு ஒதுக்கப்பட்டிருந்த அவரைத் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்தார்.

இதைக் கொண்டு காரகர் தவறு செய்தார் என்று முழங்குவது எனக்கு உடன்பாடில்லை. அந்த மே மாத இரவில் அவர் கண்டது உண்மை. அந்த இடத்தில், அந்த அமைப்பில், காசிமிரோவால் ஆட முடியவில்லை. பிழை எங்கே என்றால், அந்த ஓர் இரவிலிருந்து முழு மனிதருக்கும் தீர்ப்பு எழுதியதில் இருக்கிறது. மைதானத்தில் அமர்ந்துகொண்டு, தங்கள் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஒருவரின் காலில் பந்து வரும்போதெல்லாம் முணுமுணுப்பது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தையே தருகிறது. விமர்சனம் வேண்டும், அது ரசிகரின் உரிமை. ஆனால் "பக்கத்தில் யார் நின்றார், முன்னால் யார் விரட்டினார், பின்கள வரிசை எவ்வளவு தள்ளி நின்றது" என்ற கேள்விகளைக் கேட்காத விமர்சனம் ஆட்டத்தைப் பார்க்காத விமர்சனம்.

இன்று அவரைக் குறித்து என் கருத்தைக் கேட்டால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அவரை இறக்கக் கூடாது, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முழு ஆட்டம் கேட்கக் கூடாது, ஓடக்கூடிய இளைஞர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நிறுத்தவே கூடாது என்பேன். மோட்ரிச்சை மாட்ரிட் அணி அவருடைய கடைசி ஆண்டுகளில் பல ஆட்டங்களில் பிற்பாதியில் மட்டும் இறக்கி, முப்பத்தொன்பது வயது வரை பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பொறுமையை இங்கிலாந்துக் கழகங்களிடம் நான் அதிகம் காண்பதில்லை.

ரசிகர்களின் விவாதம் இதோடு அடங்கிவிடவும் இல்லை. 2025 செப்டம்பர் 20 அன்று ஓல்ட் டிராஃபோர்டில், செல்சியின் கோல்காப்பாளர் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய ஆட்டத்தில், காசிமிரோ முதல் பாதியில் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார்; அதே பாதி முடியும் முன், தன்னைக் கடக்கவிருந்த எதிரணி வீரரைப் பிடித்து இழுத்து, இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். யுனைடெட் இரண்டுக்கு ஒன்று என வென்றது. "முடிந்துவிட்டார்" என்போருக்கும் "இன்னும் உண்டு" என்போருக்கும் அன்று சான்று கிடைத்தது. நான் அந்த இரண்டாவது மஞ்சள் அட்டைக்கான காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, அவர் கைகளை மட்டும் பார்ப்பதில்லை. அந்த நொடியில் அவருக்குப் பின்னால் எத்தனை கெஜம் ஆளில்லாமல் கிடந்தது என்பதையும் பார்க்கிறேன். நேயர்களும் ஒருமுறை அப்படிப் பார்க்க வேண்டுகிறேன்.

நன்றி, வணக்கம்.