கத்திரி வெயிலும் லேப்டாப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடைக்காலத்தில் வானொலிச் செய்தி முடிகிற நேரத்தில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்று அடிக்கடி வரும். கரூர் பரமத்தி. "அதிகபட்சமாகக் கரூர் பரமத்தியில்" என்று ஆரம்பித்து 40க்கு மேல் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிடும், மறுநாள் காலையில் கடைப் படிக்கட்டில் யாராவது லேப்டாப் பையோடு காத்திருப்பார்கள். நான் கரூரில் லேப்டாப் பழுது பார்க்கிறவன். 2009இல் கடை போட்டேன். 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு, தறி ஓடுகிற வீட்டிலும் தோட்டத்து வீட்டிலும்கூட லேப்டாப் புழங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து கத்திரி வெயில் வந்தால் ஒரே புகார்தான்: "அண்ணா, நல்லா ஓடிட்டே இருக்குதுங்க, திடீர்னு தானா ஆஃப் ஆயிடுதுங்க."

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுவிலும் சொல்வேன், பாதியில் வானொலியைப் போட்டவர்களும் கேட்க வேண்டும் என்பதற்காக. வெயில் காலத்தில் தானாக அணைகிற லேப்டாப் பெரும்பாலும் கெட்டுப்போனது கிடையாது. அதற்கு மூச்சு முட்டுகிறது. காற்றுக்கு வழி விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

உள்ளே என்ன நடக்கிறது? கணக்குப் போடுகிற பிராசஸர் சில்லு கட்டைவிரல் நகம் அளவுதான். சாதாரண மெல்லிய லேப்டாப்பில் அது 15 வாட் வாக்கில் சூடு தரும். 15 வாட் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றலாம். சாமி படத்துக்கு முன்னால் முன்பெல்லாம் ஒரு சின்னக் குண்டு பல்பு எரியும், அது ஏறக்குறைய அந்த அளவுதான். எரிகிற பல்பைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு ஞாபகம் இருக்கும். அதே சூட்டை நகத்தளவு இடத்தில் குவித்து, ஒரு நோட்டுப் புத்தகக் கனத்துக்குள் அடைத்திருக்கிறார்கள்.

அதை வெளியே கொண்டுவர ஒரு செப்புக் குழாய் இருக்கிறது. தட்டையாக, சுண்டுவிரல் அகலத்தில். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையில் கசிகிற நீர் ஆவியாகும்போது சூட்டையும் கூட எடுத்துக்கொண்டு போகிறது. குழாய்க்குள்ளும் அதே வேலைதான். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி நீரை மட்டும் வைத்து அடைத்திருப்பார்கள். காற்றின் அழுத்தம் இல்லாததால் அந்த நீர் சீக்கிரமே ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடும், அங்கே சூட்டை இறக்கிவைத்துவிட்டு மறுபடி நீராகும். வீணாய்ப்போன ஒரு குழாயை ஒருமுறை அறுத்துப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கச் செம்புத் தூளை ஒட்டவைத்த மாதிரி சொரசொரவென்று இருந்தது. அதுதான் திரி. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, அந்தச் சொரசொரப்பு நீரைச் சில்லுக்கே திருப்பி இழுத்துவரும். இவ்வளவும் சத்தமே இல்லாமல் நடக்கிறது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இதில் ஆச்சரியம் தீரவில்லை.

குழாயின் மறுமுனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். ஒரு குட்டி ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்து அந்தப் பல் இடுக்குகளுக்குள் ஊதும். பக்கவாட்டில் கை வைத்தால் சூடாக ஒரு காற்று வருமே, அது இதுதான்.

இங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது. ஊதுகிற காற்றே சூடு என்றால் தகடு எப்படிக் குளிரும்? மார்கழியில் 28 டிகிரி இருந்த அறை சித்திரையில் 38 ஆனால், சில்லின் சூடும் கிட்டத்தட்ட அந்தப் 10 டிகிரி ஏறும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 35 டிகிரி வரை உள்ள அறையில் பயன்படுத்தத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை சாயங்காலம்கூட அதற்குக் கீழே இறங்குவதில்லை. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் விட்டு விட்டு ஓடும், டைப் அடித்தால் எழுத்து தாமதமாக வரும். அதற்கும் சூடு இறங்கவில்லை என்றால், கருகிப்போகாமல் இருப்பதற்காக அணைந்துவிடும். அது ஒரு பாதுகாப்பு. "செத்துப்போச்சு" என்று பயப்பட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு அம்மாவும் மகளும் வந்த கதை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், மே மாதம். மகள் இன்ஜினியரிங் கடைசி வருடம். பழைய லேப்டாப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புராஜெக்ட் வேலை முடிக்க வேண்டும், ஆனால் போட்டுப் பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. வேறொரு கடையில் காட்டியிருக்கிறார்கள். சில்லுகள் எல்லாம் பொருத்தியிருக்கிற போர்டு போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "ஏனுங்க, அவ்வளவு குடுத்தாலும் ஓடுமுங்களா? இல்லீனா அந்தக் காசை ஃபீஸுக்காச்சும் கட்டிப்போடறனுங்க."

போட்டுப் பார்த்தேன். ஃபேன் கத்துகிறது. ஆனால் பக்கத்தில் கை வைத்தால் காற்றே இல்லை. அது போதும் எனக்கு. இந்த அடையாளத்தை நேயர்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபேன் சத்தம் பலமாக இருந்து, காற்று வெளியே வராவிட்டால், உள்ளே அடைப்பு.

அடிமூடியைக் கழற்றி ஃபேனைத் தூக்கினேன். தகடுகளுக்கு முன்னால் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது, ஒரு விரல் நீளம், நல்ல கனம். மேசை விளக்கில் காட்டினால் அடுக்கடுக்காக நிறம். சாம்பல், அதன்மேல் நீலம், பிறகு கொஞ்சம் சிவப்பு, மறுபடி வெள்ளை. அந்த அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "இந்த நீலம் தீபாவளிக்கு முன்னாடி ஓட்டுன பெட்ஷீட் ஆர்டருங்க. இந்தச் சிவப்பு பொங்கல் கழிச்சு."

அவர் வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டுப் பெட்ஷீட் தைக்கிறவர். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கும். மெஷினிலிருந்து பறக்கிற பஞ்சு முழுவதையும் அந்தக் குட்டி ஃபேன் இழுத்து இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அம்மா தைத்த ஒவ்வொரு ஆர்டரும் உள்ளே இருந்தது.

பஞ்சை எடுத்தேன். சில்லின் சூட்டைச் செம்புக்குக் கடத்த நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, அதைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். முன்பு 97 டிகிரி காட்டிய சில்லின் சூடு இப்போது 74ல் நின்றது. அந்தப் பெண் கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து புராஜெக்ட்டை ஓட்டிப் பார்த்தது. அணையவில்லை. 400 ரூபாய் வாங்கினேன்.

தறி, தையல் மெஷின் இருக்கிற வீட்டுக்காரர்களே, உங்களுக்காகத் தனியாகச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் ஒருமுறை லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். பஞ்சு தகட்டின் உட்பக்கம்தான் சேரும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளிப்பக்கத்திலிருந்து புளோயரால் ஊதாதீர்கள், அடைப்பு திரும்பப் போய் ஃபேனில் சிக்கும். திறந்து ஊதினாலும் ஃபேன் இறக்கை சுற்றாமல் ஒரு தீக்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் ஃபேனின் பேரிங் போய்விடும்.

தறி இல்லாத வீட்டுக்காரர்களுக்கு மெத்தைதான் எதிரி. மடிக்கணினி என்று பெயர் வைத்ததால் மடியிலும் தலையணையிலும் வைக்கிறோம். காற்று இழுக்கிற ஓட்டை அடியில் இருக்கிறது, மெத்தை அதை அப்படியே மூடிவிடும், போதாததற்குத் தன் பஞ்சையும் கொடுக்கும். ஒரு மணைப்பலகை போதும். பின்பக்க இரண்டு மூலைக்கும் கீழே இரண்டு பாட்டில் மூடி வைத்து ஒரு விரல்கடை தூக்கிவிட்டால் இன்னும் நல்லது. மறுபடியும் சொல்கிறேன், காற்றுக்கு வழி. சீலிங் ஃபேன் தளத்துச் சூட்டைத்தான் கீழே தள்ளும். சன்னலோர நிழலில், பக்கவாட்டில் ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் பலன் தெரியும்.

ஃபேனே இல்லாத லேப்டாப்பும் இருக்கிறது. அதற்கு உடம்பே தகடு. உறை போட்டு மூடி வேலை செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

ஈரத்துணி போர்த்துகிறவர்கள், ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள், இரண்டும் வேண்டாம். குளிர்ந்த சொம்பின் வெளியே முத்து முத்தாக நீர் கோக்கிறதே, அது போர்டின் மேலும் கோக்கும்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. பல விண்டோஸ் லேப்டாப்களில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே, பிராசஸர் அதிகபட்சம் 100 சதவீதம் என்று ஓரிடம் இருக்கும். அதை 99 ஆக்கிவிடுங்கள். ஒன்றுதானே என்று நினைக்கலாம். ஆனால் அந்த 100 இருந்தால்தான் சில்லு தன் இயல்பு வேகத்தையும் தாண்டிக் குதிக்கும், சூடும் அப்போதுதான் எகிறும். 99 வைத்தால் குதிக்காது. கடிதம் அடிக்கவும் வகுப்பு பார்க்கவும் வித்தியாசமே தெரியாது. வீடியோ எடிட்டிங் மாதிரிக் கனமான வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். பேட்டரிக்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் கோடையில் போட்டு வையுங்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். துணி, காகிதம் பக்கத்தில் இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, அன்றைக்கே பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.