கையெழுத்து உங்களுடையது: மாணவர் விசாவுக்கும் பார்வையாளர் விசாவுக்கும் சட்ட உதவி

[திரையில்: கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி (படகர் ஊர்). திண்ணையில் பச்சைத் தேயிலை மூட்டை. உள்ளே, மேசைமேல் ஒரு வங்கிப் பாஸ்புக். அதன்மேல் மடித்த இரண்டு தாள்கள்.]

வணக்கம். இந்தப் பாஸ்புக் என் அண்ணனுடையது. அவர் சிறு தேயிலை விவசாயி. பறித்த இலையைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார். அதற்கான பணம் மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறுகிறது. மகளுக்குப் பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, தன் பங்கிலிருந்து ஒரு துண்டு நிலத்தை விற்று, அந்தப் பணத்தை இந்தக் கணக்கில் போட்டார். பணம் உண்மையானது, விற்றதற்குப் பத்திரம் இருந்தது, பிள்ளையும் நன்றாகப் படிப்பவள். ஆனாலும் விசா மறுக்கப்பட்டது.

மறுப்புக் கடிதம் சொன்ன காரணம் எளிமையானது. பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும். அண்ணன் கணக்கில் பணம் ஏறி 19 நாட்களே ஆகியிருந்தன. இன்னும் ஒன்பது நாள் பொறுத்திருந்தால் போதும் என்பதை, கட்டணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்ட் பார்க்கவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் "பிசினஸ்" என்று இருந்தது. விவசாயி என்று போட்டால் வருமானம் குறைவாகத் தெரியும் என்பது ஏஜென்ட் சொன்ன விளக்கம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் அடியில், "மேலே உள்ளவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழிக்குக் கீழே இருந்தது என் அண்ணன் மகளின் பெயர்.

யார் நிரப்பினாலும் விண்ணப்பத்துக்குப் பொறுப்பு விண்ணப்பிப்பவரையே சேரும். சட்ட உதவி எப்போது தேவை, யாரிடம் பெற வேண்டும், எந்த அளவுக்குப் பெற வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் இங்கிருந்தே தொடங்குகின்றன.

[திரையில்: மூன்று பெயர்ப் பலகைகள். ஏஜென்ட், கன்சல்டன்சி, வழக்கறிஞர்.]

ஏஜென்ட் என்பவரும் வழக்கறிஞரும் ஒருவரல்லர். மாணவர் சேர்க்கைக்கு உதவும் கன்சல்டன்சிகள் பலவற்றுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. அதில் தவறில்லை, ஆனால் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைக்கு யாரோ பணம் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அங்கே உட்கார வேண்டும். கமிஷன் தராத கல்லூரி உங்களுக்குப் பொருத்தமானதாக இருந்தாலும், அதன் பெயர் அந்த மேசையில் எழாமலே போகலாம்.

சுவரில் சட்டமிட்டு மாட்டிய உரிமத்தைக் காட்டுபவர்களும் உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு தரும் உரிமம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்களுக்கானது. மாணவர் விசாவுக்கோ சுற்றுலா விசாவுக்கோ ஆலோசனை சொல்லும் தகுதியை அது யாருக்கும் வழங்குவதில்லை. அதைக் காட்டி உங்களிடம் பணம் கேட்டால், அந்த உரிமம் எதற்கானது என்று அவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போகவிருக்கும் நாட்டின் சட்டம் யாரை ஆலோசகராக ஏற்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். கனடாவில் இது மிகத் தெளிவாக இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காகக் குடிவரவு விண்ணப்பத்தைக் கையாள்பவர் அந்நாட்டு வழக்கறிஞராகவோ, கியூபெக் மாகாண நோட்டரியாகவோ, 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்ற உறுப்பினராகவோ இருக்க வேண்டும். கோவையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் இந்த விதி பொருந்தும். உறுப்பினர் பெயரை அந்த அமைப்பின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். அவருடைய பெயரை விண்ணப்பத்தோடு தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். "என் பெயரைப் போட வேண்டாம், நீங்களே நிரப்பியதாக இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவு முறை இருக்கிறது. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு, 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற முகவருக்கு ஓர் எண் உண்டு. ஆனால் இந்த இரண்டு நாடுகளின் கட்டாயமும் அந்நாட்டு மண்ணில் ஆலோசனை தருபவர்களுக்கானது. இங்கே மலையடிவாரத்தில் பலகை வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே இங்குள்ளவர் பதிவு பெறாதவராக இருப்பதே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு பெற்றவரிடம் போனால், அவர் தவறு செய்யும்போது புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது.

நம் ஊர் வழக்கறிஞரால் என்ன செய்ய முடியும்? அந்நிய நாட்டு விசாச் சட்டத்தில் அவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விசா அதிகாரியின் கையில் சேரும் காகிதங்களில் பாதிக்கு மேல் நம் ஊர்க் காகிதங்கள். அவற்றைச் சரிசெய்வது அவருடைய வேலை. ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைத் தேடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. "விசா கியாரண்டி" என்று ஃபிளெக்ஸ் வைத்தவர் தன்னை வழக்கறிஞர் என்றும் சொல்லிக்கொண்டால், இரண்டில் ஒன்று சரியில்லை.

[திரையில்: கூட்டுப் பட்டா, தொழிற்சாலையின் பச்சைத் தேயிலைக் கணக்குச் சீட்டு, பிறப்புச் சான்று.]

நீலகிரிக் குடும்பங்களின் காகிதங்களில் சில தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சமவெளியில் இருக்கும் ஆலோசகருக்கு இவை புரிவதில்லை.

பச்சைத் தேயிலையைப் பறித்து அப்படியே விற்கும் விவசாயியின் வருமானம் விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. விளைவித்த இலையைத் தானே தேயிலைத் தூளாகத் தயாரித்தும் விற்பவருக்குத்தான் வருமானத்தில் 40 சதவீதம் வரிக்கணக்கில் வரும். ஆகவே இங்குள்ள பல சிறு விவசாயிகளிடம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதை அறியாத அதிகாரி பாஸ்புக்கைப் பார்த்து, இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே. அதற்கு விடை, தொழிலைப் "பிசினஸ்" என்று மாற்றுவதில் இல்லை. தொழிற்சாலை தந்த மாதாந்திரக் கணக்குச் சீட்டுகள், அதே தொகைகள் வங்கியில் ஏறிய பதிவுகள், பட்டா, ஆடிட்டரின் சான்று, விற்ற நிலத்துக்குக் கிரயப் பத்திரம் ஆகியவற்றை வரிசையாக வைத்து, ஒரு பக்க விளக்கக் கடிதத்தோடு கொடுத்தால், முன்பின் நீலகிரியைப் பாராத ஒருவருக்கும் கணக்கு விளங்கும். நல்ல சட்ட உதவி என்பது பெரும்பாலும் இந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

நிலம் தாத்தாவின் பெயரிலேயே இருப்பதும், அண்ணன் தம்பிகள் கூட்டுப் பட்டாவில் இருப்பதும் இங்கே சாதாரணம். கூட்டுச் சொத்தின் முழு மதிப்பையும் ஒருவர் தன் சொத்தாகக் காட்டினால் அது பொய்க் கணக்கு. பங்கு எவ்வளவு என்பதை வாரிசுச் சான்றையும் பழைய பத்திரத்தையும் பார்த்து வழக்கறிஞர் எழுதித் தர முடியும்.

பெயர்ச் சிக்கல் அதற்கு அடுத்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் டான்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். தாத்தாவின் பெயர் பழைய அட்டையில் ஒரு விதமாகவும், தந்தையின் ஆதாரில் வேறு விதமாகவும், பிள்ளையின் பிறப்புச் சான்றில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், பெற்றோர் கணக்கிலுள்ள பணத்தைக் காட்டும் மாணவருக்கு அது நேரடித் தடையாகும். பிரிட்டன் மாணவர் விசாவில் பெற்றோரின் பணத்தைக் காட்ட வேண்டுமானால் உறவை நிரூபிக்கும் சான்றும், பணத்தைப் பயன்படுத்தப் பெற்றோர் தரும் ஒப்புதல் கடிதமும் வேண்டும். சான்றிலுள்ள தந்தையும் கணக்கிலுள்ள தந்தையும் ஒருவரே என்று காட்டும் பிரமாணப் பத்திரமோ, முறையான பெயர்த் திருத்தமோ, சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே செய்து முடிக்க வேண்டியவை. தமிழில் உள்ள சான்றுகளுக்கு முழு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் ஆகியவையும் வேண்டும்.

[திரையில்: குன்னூர். ஒரு தாய், கையில் சால்வை, பயணப் பை.]

பார்வையாளர் விசாவுக்குக் காகிதம் குறைவு, ஐயம் அதிகம். அமெரிக்கச் சட்டம், பார்வையாளர் விசா கேட்பவரையும் மாணவர் விசா கேட்பவரையும் அங்கேயே தங்க நினைப்பவர் என்று முதலில் கருதிவிடுகிறது; அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. மகளின் பிரசவத்துக்குப் போகும் தாய், "ஊர் சுற்றிப் பார்க்க" என்று எழுதினால்தான் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு எழுதிவிடுகிறார். நேர்காணலில் மகளைப் பற்றிக் கேட்டதும் தடுமாறுகிறார். போகும் காரணம் மகள் என்றால் மகள் என்றே எழுத வேண்டும். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம். நேர்காணலுக்கு வழக்கறிஞர் உடன் வர முடியாது என்பதால், அவருடைய உதவி அதற்கு முந்தைய நாளோடு முடிந்துவிடும். படிவத்தில் இருப்பதை விண்ணப்பிப்பவர் வரிக்கு வரி அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அமெரிக்கப் படிவத்தை நிரப்ப யாரேனும் உதவினார்களா என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது. அதற்கும் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

பொய்க்கு விலை என்ன என்பதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தவறான தகவல் தந்ததாக முடிவானால் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்று நோக்கம் கண்டறியப்பட்டால் பத்து ஆண்டு வரை. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. அமெரிக்காவில் அது ஆயுள் முழுவதும் தொடரலாம். 2023-இல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலரின் சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று தெரியவந்தபோது, ஏஜென்ட் தந்ததை நம்பினோம் என்று பலர் கதறினார்கள். அங்கே படித்து முடித்து வேலையிலும் இருந்த பிள்ளைகள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல், சேர்க்கைக் கடிதம் உண்மையா என்று கனடா அரசே கல்லூரியிடம் நேரடியாகச் சரிபார்க்கிறது. நாமும் கடிதம் வந்தவுடன் கல்லூரியின் இணையதளத்திலுள்ள முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம்.

மறுப்பு வந்துவிட்டால், அதே காகிதங்களோடு மறுநாளே மீண்டும் விண்ணப்பிப்பது கட்டணத்தை இரண்டாம் முறை இழப்பதாகும். சட்டம் தெரிந்தவர் அவசியம் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் நாட்கள் எண்ணப்படுகின்றன. பிரிட்டன் மாணவர் விசா மறுப்பை, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் 28 நாட்களுக்குள் நிர்வாக மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். அதிகாரி விதியைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பதை மட்டுமே அதில் பார்ப்பார்கள். அண்ணன் மகள் விஷயத்தில் அதிகாரி மேல் பிழை இல்லை. ஆகவே அந்த வழியில் போகவில்லை. பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்கு மேல்முறையீடு பொதுவாகக் கிடையாது. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 60 நாள். ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் மறுப்புக் காரணம் அச்சிட்ட படிவத்தில் குறியிட்டு வரும். மேல்முறையீட்டு உரிமையும் அதற்கான வழியும் அதிலேயே இருக்கும். அமெரிக்காவில் மேல்முறையீடு இல்லை. சூழ்நிலை மாறிய பின் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

[திரையில்: ஒரு பாஸ்போர்ட். ஒரு பணப் பரிமாற்ற ரசீது.]

யாரிடம் போனாலும், வேலை என்ன, கட்டணம் எவ்வளவு, மறுக்கப்பட்டால் எது திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பக் கணக்குக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் உடைமை. பாக்கிப் பணத்துக்காக அதைப் பிடித்துவைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் போக இடம் இருக்கிறது. மோசடி என்றால் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் புகார் தரலாம். சேவைக் குறைபாடு என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட்டின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு உதகமண்டலத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஏஜென்ட்டுக்கு எதிராக என் அண்ணன் மகளே மனுதாரராகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கே முதலில் கேட்கப்பட்டது ரசீது. அண்ணன் பெரும்பகுதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தார்; கைபேசி வழியாக அனுப்பிய மூன்று தவணைகளுக்கு மட்டுமே பதிவு இருந்தது. அந்த மூன்றும், "பிசினஸ்" என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்ட விண்ணப்ப நகலும் மனுவோடு இணைக்கப்பட்டன. அடுத்த பருவச் சேர்க்கைக்கான படிவத்தை அவள் இந்த மேசையிலேயே உட்கார்ந்து, தானே நிரப்பினாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் "சிறு தேயிலை விவசாயி, பச்சைத் தேயிலை விற்பனை" என்று எழுதிவிட்டு, பணம் கணக்கில் ஏறிய தேதியிலிருந்து நாட்களை விரல்விட்டு எண்ணினாள்.