ஒரு நாணயம், 21 கருவூலங்கள்

அவையோர்க்கு வணக்கம்.

2010ஆம் ஆண்டு அயர்லாந்து அரசின் பட்ஜெட் பற்றாக்குறை அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 32 சதவீதத்தைத் தொட்டது. இன்று 21 நாடுகள் பயன்படுத்தும் யூரோ நாணயத்துக்கு விதி வகுத்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை அனுமதித்தது 3 சதவீதம். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், ஊதாரி அரசு ஒன்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2007இல், அயர்லாந்தின் அரசுக் கடன் 25 சதவீத அளவில்தான் இருந்தது. அனுமதித்த வரம்பு 60. அந்த நேரத்தில் ஸ்பெயினும் வரம்புக்கு உள்ளேதான் இருந்தது. விதியை மதித்த பிள்ளைகளும் விழுந்தார்கள்.

அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். யூரோ வந்தபின் வட்டி விகிதம் எல்லோருக்கும் ஒன்று. அதை ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி முடிவு செய்கிறது. 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை அந்த விகிதம் 2 சதவீதம். மந்தத்தில் கிடந்த ஜெர்மனிக்கு அது பொருத்தம். அயர்லாந்திலோ விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. கடன் வாங்கியவனுக்கு வட்டி உண்மையில் சும்மா கிடைத்த மாதிரி. பணம் வீடுகளிலும் மனைகளிலும் போய்க் கொட்டியது. அயர்லாந்து வங்கிகள் வெளிநாட்டில் குறுகிய காலக் கடன் வாங்கி, உள்நாட்டில் நீண்ட காலக் கடன் கொடுத்தன. 2008 செப்டம்பரில் வெளிநாட்டுக் கடன் வற்றியதும், வங்கிகளின் பொறுப்புகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. தனியார் கடன் ஒரே இரவில் மக்கள் தலையில் ஏறியது. 2010 நவம்பரில் 8,500 கோடி யூரோ மீட்புத் தொகுப்பு.

மாஸ்ட்ரிக்ட் விதிகள் அரசின் பணப்பையை மட்டுமே கண்காணித்தன; வங்கிகளின் கணக்கேட்டை யாரும் பார்க்கவில்லை. கிரீஸ் வேறு கதை. 2009 அக்டோபரில் அங்கே வந்த புதிய அரசு, முன்பு சொல்லப்பட்ட பற்றாக்குறை பொய் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒரு நாட்டின் நோய்க்கு எழுதிய சிக்கனம் என்ற மருந்துச் சீட்டையே மற்ற எல்லோருக்கும் கொடுத்ததுதான், என் பார்வையில், அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய பிழை.

இன்னோர் ஒப்பீடும் வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலும் அதே காலத்தில் வீட்டு விலை சரிந்தது. ஆனால் அங்குள்ள முதியவர்களின் ஓய்வூதியம் வாஷிங்டனிலிருந்து தவறாமல் வந்தது. வங்கி மூழ்கினால் டெபாசிட்டைத் திருப்பித் தந்ததும் வாஷிங்டன்தான். அமெரிக்க மத்திய அரசின் செலவு நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆண்டு பட்ஜெட் ஏறக்குறைய 1 சதவீதம். 1977இலேயே டொனால்ட் மெக்டூகல் தலைமையிலான குழு ஆய்ந்து சொன்னது: பொது நாணயம் நிலைக்க, சிறிய அளவில் என்றாலும் 5 முதல் 7 சதவீதம் கொண்ட பொது பட்ஜெட் தேவை. நாணயம் 1999இல் வந்தது. பட்ஜெட் வரவில்லை.

அந்தப் பொதுக் கருவூலம் இல்லாத இடத்தில் அதிர்ச்சியைத் தாங்குவது யார்? கூலி வாங்குகிறவர். சொந்த நாணயம் இருந்தால் அதன் மதிப்பைக் குறைக்கலாம். 1992இல் இத்தாலியின் லீரா அப்படித்தான் இறங்கியது. யூரோவுக்குள் அந்த வழி இல்லை. ஆகவே 2012 பிப்ரவரியில் கிரீஸின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவுக்கு வெட்டப்பட்டது. மறு ஆண்டு வேலையின்மை 27 சதவீதம். இதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. சம்பளமும் விலையும் இறங்கும்; கடன் இறங்காது. உற்பத்தி கால் பங்கு சுருங்கும்போது, புதிதாக ஒரு யூரோகூடக் கடன் வாங்காவிட்டாலும் கடன் விகிதம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். சிக்கனமே சுமையைக் கூட்டுகிறது.

2012 ஜூலை 26ஆம் தேதி லண்டனில் ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றைய தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்றார். செப்டம்பரில் அரசுப் பத்திரங்களை வாங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்கப்படவில்லை. அறிவிப்பே பீதியை அடக்கியது. ஓட்டையை அடைக்க வேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள். அடைத்தது தேர்ந்தெடுக்கப்படாத வங்கி.

அதன்பின் வங்கி ஒன்றியம் என்று மூன்று தூண்களைத் திட்டமிட்டார்கள். பொது மேற்பார்வை 2014 நவம்பரில் வந்தது. மூழ்கும் வங்கியை ஒழுங்காக மூட அமைப்பும் வந்தது. பொது டெபாசிட் காப்பீடு 2015இல் முன்மொழியப்பட்டு, அங்கேயே நிற்கிறது. இன்றும் 1 லட்சம் யூரோ வரையான டெபாசிட்டுக்குப் பொறுப்பு அந்தந்த நாட்டுடையது. இது ஏன் ஆபத்து என்பதை 2013இல் சைப்ரஸ் காட்டியது: வங்கிகள் மூடிக்கிடந்தன, பணத்தை எடுக்கவும் வெளியே அனுப்பவும் கட்டுப்பாடு. சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் இருந்த யூரோ, ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்த யூரோவுக்குச் சமமாக இல்லை.

இந்தப் பொதுக் காப்பீட்டை வடக்கு நாடுகள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. இத்தாலிய வங்கிகளிடம் இத்தாலிய அரசுப் பத்திரங்கள் குவிந்திருக்கும்போது, அந்த ஆபத்தை முதலில் குறையுங்கள், பிறகு பகிர்வோம் என்கிறார்கள். பகிர்ந்தால்தான் ஆபத்து குறையும் என்கிறது தெற்கு. இரண்டும் சரி. தவணை தவணையாக இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒழிய இந்த முடிச்சு அவிழாது.

அரசியல் பக்கம் இதைவிட வலி மிகுந்தது. சாதாரணச் சட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் 15 நாடுகளும், மக்கள்தொகையில் 65 சதவீதமும் போதும். வரி, வெளியுறவு, புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றுக்கு அனைவரும் இசைய வேண்டும். 2023 டிசம்பரில் உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சு தொடங்க முடிவெடுத்தபோது, ஹங்கேரிப் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போனார். மற்ற 26 பேர் முடிவெடுத்தார்கள். 45 கோடி மக்களின் காரியம் ஒருவர் வெளியே போவதைப் பொறுத்திருக்கலாமா? ஒரே நாடு முடிவைத் தடுக்கும் இந்த வீட்டோ உரிமையை நீக்க ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே ஒரு வழி உண்டு; அந்த வழியில் நடக்கவும் அனைவரின் இசைவு வேண்டும்.

அதிகாரத்தைப் பகிர்வதில் உள்ள தயக்கத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியல் சாசன வரைவை பிரான்ஸில் 55 சதவீதமும் நெதர்லாந்தில் 61 சதவீதத்துக்கு மேலும் நிராகரித்தார்கள். அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கையாகத் திரும்பி வந்தபோது, அந்த இரு நாட்டு வாக்காளரிடமும் மீண்டும் கேட்கவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 2020 ஜூலையில், கொரோனா பாதிப்பிலிருந்து மீள, நான்கு நாள் இரவு பகல் பேரம் பேசி, 75,000 கோடி யூரோ பொதுக் கடனுக்கு ஒப்புக்கொண்டார்கள்; அதில் 39,000 கோடி திருப்பித் தர வேண்டாத மானியம். இரண்டு மாதம் முன்புவரை நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 2025இல் பாதுகாப்புத் தளவாடங்களுக்கு 15,000 கோடி யூரோ கடன் திட்டம் அதே பாணியில் வந்தது. கடன் வாங்கும் கை பொதுவாகிவிட்டது. வரி வாங்கும் கை இன்னும் இல்லை. மறுசுழற்சி செய்யாத பிளாஸ்டிக் பொதியுறைக் கழிவுக்குக் கிலோவுக்கு 80 சென்ட் என்று உறுப்பு நாடுகள் செலுத்தும் பங்குதான் 2021இல் சேர்ந்த புதிய வருவாய்.

மீட்புக் கடனின் அசல் 2028இல் திருப்பத் தொடங்கி 2058க்குள் முடிய வேண்டும். அதற்குப் புது வருவாய் வேண்டுமென்றால் 27 அரசுகளும் கையெழுத்திட்டு, ஒவ்வொரு நாடும் தன் அரசியல் சாசன முறைப்படி ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் தவணை போவது உழவர் மானியத்திலிருந்தும் பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியிலிருந்தும். அடுத்த ஏழாண்டு பட்ஜெட் பேரத்தில் மேசைமேல் இருப்பது இந்தக் கணக்குதான்.