ஒட்டுக்குக் கீழே ஒரு போத்து

வணக்கம் நேயர்களே. சித்திரை பிறந்து இரண்டு கிழமை போனால் ரொறொன்ரோவின் ஸ்காபரோ, பக்கத்து மார்க்கம் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் யாரோ ஒருவர் வீட்டு முன்வாசலில் வீப்பிங் செரி ஒன்று கிளை நிலம் தொடப் பூத்து நிற்கும். ரொறொன்ரோ ஹை பார்க் பூங்காவில் நாம் போய்ப் பார்க்கிற செரிகள், 1959-இல் டோக்கியோ மக்கள் சார்பாக ஜப்பானியத் தூதர் தந்த மரங்களோடு தொடங்கியவை, பெரும்பாலும் நிமிர்ந்து வளர்கிற வகை. நான் பேச வந்தது வாசலில் நிற்கிற, கிளை தொங்குகிற மரத்தைப் பற்றி. ஆசையாய் வாங்கி வைத்துவிட்டு அதன் பிறகு நாம் நிமிர்ந்தே பார்க்காத மரம் அது.

கடையில் வாங்குகிற வீப்பிங் செரி அநேகமாக ஒட்டு மரம். நேராக வளர்கிற ஒரு செரியின் தண்டை ஐந்தாறு அடி உயரத்தில் வெட்டி, அதன் தலையில் தொங்குகிற வகையை ஒட்டியிருப்பார்கள். கிளைகள் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே தண்டில் ஒரு புடைப்பு இருக்கும், கையால் தடவினால் தெரியும். அதற்கு மேலே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மரம், கீழே வேறொரு மரம். ஊரில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இது புதிதல்ல, ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கண்டவுடன் கிள்ளிவிடுவோம். அந்தப் பழக்கம் ஏனோ விமானம் ஏறவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணர் இருக்கிறார். ஒரு நாள், “மரம் இப்பதான் நல்லாப் பிடிச்சிருக்கு, வந்து பாரும்” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஒட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு போத்து, அதாவது அடிமரத்திலிருந்து துளிர்த்த கிளை, விறைப்பாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காற்றில் முறியக்கூடாதென்று அதற்குத் தடி நட்டுக் கட்டியும் வைத்திருந்தார். அதன் இலை ஒவ்வொன்றும் தொங்குகிற கிளையின் இலையைவிடப் பெரிது. வெட்டச் சொன்னேன், அவருக்கு மனம் வரவில்லை. பச்சையாய் வளர்கிற ஒன்றை வெட்ட யாருக்குத்தான் மனம் வரும்? சில வருடத்தில் உச்சியில் வெள்ளைப்பூ, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இளஞ்சிவப்பு, மற்றப் பக்கம் காய்ந்த குச்சி. அடிமரத்தின் போத்துக்கு வேகம் அதிகம், சாறெல்லாம் அதற்கே போய்விடும். கடைசியில் ஆள் பிடித்து அறுத்தார், ஆனால் காய்ந்த பக்கம் திரும்பி வரவில்லை.

அதனால் திரும்பவும் சொல்கிறேன்: ஒட்டுக்குக் கீழே, தண்டிலோ வேரடியிலோ, எது முளைத்தாலும் பிஞ்சிலேயே திருகி எடுங்கள். முற்றிவிட்டால் குச்சி மிச்சம் வைக்காமல் அடியோடு வெட்டுங்கள். ஒட்டுக்கு மேலே நிமிர்கிற கிளை வேறு கதை, நீண்டதும் தானாக வளையலாம், ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் வளையாமல் நேராகவே போனால் எடுத்துவிடலாம்.

சரி, பிசின். தண்டில் தேன் நிறத்தில் பிசின் வடிகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிசின் நோயல்ல, எங்கோ அடிபட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். நிலத்தோடு ஒட்டிய இடத்தில், மரத்தூளும் கலந்து வடிந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. பட்டை உள்வாங்கிக் கறுத்திருந்தால் பாக்டீரியாப் புண்ணாக இருக்கலாம், அது ஈரத்தில் வெட்டுக்காயம் வழியாக ஏறுவது. அதனால்தான் கவாத்தை மழை நாளில் செய்யாதீர்கள் என்கிறேன். பூ உதிர்ந்த கையோடு, நாலு நாள் வெயில் இருக்கும் என்று பார்த்துச் செய்யுங்கள். கோடை கடந்தால் அடுத்த வருட மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். பல வீட்டில் காயத்துக்குக் காரணம் புல் வெட்டுகிற மெஷினின் நூல்தான், சுற்றிச் சுற்றிப் பட்டையைச் சீவிவிடுகிறது. அடியில் புல் இல்லாமல் வட்டமாக எடுத்து மரச்சீவல் போடுங்கள், ஆனால் தண்டைத் தொடக்கூடாது. குவித்து மூடினால் பட்டை அழுகும். இந்தப் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினாலும் வேர் போய்விடும்.

இந்த மரம் எப்படியும் சீக்கிரம் செத்துவிடும் என்று கைவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜப்பானில் புகுஷிமா மாநிலத்தில் மிஹாரு என்ற ஊரில் நிற்கிற தொங்கு செரிக்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்கிறார்கள், 1922-இலேயே அதை நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். கிளைக்குக் கிளை முட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குளிர்காலம் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். முயல் பட்டை கடிக்காமல் பனி விழுமுன் தண்டைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள். இலை கொட்டியபின் கிளையில் கரிக்கட்டி போல முடிச்சு தெரிந்தால், அதற்கு அரை அடி கீழே வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தோட்டத்தில் விடவேண்டாம். ஆடியில் வந்து இலையைத் தின்கிற ஜப்பான் வண்டைக் காலையில், அது மந்தமாக இருக்கும்போது, சவர்க்காரத் தண்ணீருக்குள் தட்டிவிடுங்கள். இலைப்புள்ளி நோயை அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.