மேசைமீது வைத்ததா, ஓரங்கட்டியதா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். செய்தி மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருக்கும் உங்களிடம் 'டேபிள்' என்னும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை அதனால் எவருக்கும் தொல்லையில்லை. வினைச்சொல்லாகும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

பிரிட்டனிலும், அதன் நாடாளுமன்ற மரபையொட்டி நடக்கும் இந்தியாவிலும், ஒன்றை 'டேபிள்' செய்வதென்றால் அதை அவையின்முன் முறைப்படி வைப்பதென்று பொருள். தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சட்டமன்றத்தின்முன் வைக்கப்பட வேண்டும் என்பது நம் அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. அவ்வாறு வைக்கப்பட்ட நாளில் ஆங்கில நாளேடுகள் 'டேபிள்ட்' என்று எழுத, நாம் 'தாக்கல் செய்யப்பட்டது' என்று எழுதுகிறோம். அதில் பிழையில்லை.

அமெரிக்காவிலோ அதே வினை, ஒன்றைக் கிடப்பில் போடுவது என்னும் நேர் எதிர்ப்பொருள் தருகிறது. ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை நூல் அங்கே பெருவழக்காக உள்ளது. அந்த மரபில், மேசையில் கிடத்திய தீர்மானத்தைப் பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால், அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அந்த இரக்கம்கூடக் கிடையாது. 'டேபிள்' செய்யக் கோரும் முன்மொழிவின்மீது விவாதமின்றி வாக்கெடுப்பு நடக்கும். பெரும்பான்மையோர் ஆதரித்துவிட்டால் மூலத் தீர்மானத்தின் கதை அத்தோடு முடிந்தது. தீர்மானத்தை எதிர்த்தேன் என்ற பழி வராமலே அதை ஒழித்துக்கட்ட உறுப்பினர்களுக்கு இது நல்ல வசதி.

இந்த முரண் ஒருமுறை போர்க்காலத்திலேயே குறுக்கிட்டது. 1941ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கா போரில் இறங்கிய கையோடு, இரு நாட்டுப் படைத் தலைவர்களும் வாஷிங்டனில் கூடினர். பிரிட்டன் தரப்பினர் அவசரமாக ஆராய வேண்டிய ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்யலாம் என்றனர். அதைக் கிடப்பில் போடச் சொல்வதாகக் கருதிய அமெரிக்கர்கள் ஒப்பவில்லை. இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்பது தெரியவருவதற்குள் நீண்ட, கசப்பான வாக்குவாதமே நடந்துவிட்டதாகச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவுசெய்திருக்கிறார். ஒரே மொழியைப் பேசியவர்களுக்கே இந்தப் பாடென்றால், இரவுப் பணியில் ஏஜென்சிச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கும் உதவியாசிரியர் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஆகவே, வாக்கியத்தின் எழுவாயை முதலில் பாருங்கள். தனி உறுப்பினரோ அமைச்சரோ 'டேபிள்' செய்தார் என்றால் பெரும்பாலும் அது பிரிட்டிஷ் வழக்கு. 'தாக்கல் செய்தார்' என்றோ 'முன்வைத்தார்' என்றோ எழுதலாம். அவை வாக்களித்து 'டேபிள்' செய்தது என்று வாஷிங்டனிலிருந்து செய்தி வந்தால், 'தாக்கல்' என்ற சொல் செய்தியையே தலைகீழாக்கிவிடும். அங்கே 'ஒத்திவைத்தது' என்பதும் போதாது, ஏனெனில் அந்தத் தீர்மானம் இன்னும் உயிரோடிருப்பதாக வாசகர் எண்ணிக்கொள்வார். 'விவாதமின்றி நிராகரித்தது' என்று எழுதுவதே சரி.