ஒயர் கூடைக்குள் என்ன இருந்தது?

கதை எழுத ஆசைப்பட்டு இங்கே வந்திருக்கிறீர்கள், வந்ததும் வராததுமாக உங்களில் மூன்று பேர் எழுத நேரமே கிடைப்பதில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டீர்கள். டிரோலப் என்று ஓர் ஆங்கில நாவலாசிரியர், தபால் துறையில் வேலை. காலை 5.30 மணிக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று கணக்கு வைத்து எழுதுவாராம். மொத்தம் 47 நாவல். எனக்கு இது ஒத்துவராது, அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் தண்ணீர் வரும். நம் எழுத்தாளர் அசோகமித்திரன் சென்னை தி. நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். இடமும் நேரமும் அவரவர் பாடு.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் ஓர் ஆளை எதிரே வைத்துக்கொண்டு.

என் கதை ஒன்றில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் காத்திருப்பாள். 'அவள் விழிகளில் சொல்லொணாத் துயரம் ததும்பியது' என்று எழுதியிருந்தேன். மனதுக்குள் படித்தபோது பிரமாதமாகத்தான் இருந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், அவரிடம் சத்தமாகப் படித்தேன், 'சொல்லொணா'விலேயே நாக்குத் தடுக்கியது. அம்மா கேட்டார்: "ஏன்டா, அவ கையில பை கிய் ஒண்ணும் இல்லையா? எந்த ஊருக்குப் போறா?"

துயரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவனுக்கு அவள் ஏறப்போகும் பஸ் எது என்று தெரியவில்லை!

அப்புறம் நாலு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஓர் அம்மாள் ஒயர் கூடைக்குள் தூக்குவாளியை வைத்து, மூடி கழன்றுவிடாமல் பழைய துண்டால் சுற்றிக் கட்டி, பஸ் வரும்போதெல்லாம் எழுந்து, போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே நேரமாயிற்று. வீட்டுக்கு வரும்வரை தாங்காது என்று டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். போனில் குறிக்கலாம்தான், ஆனால் போனை எடுத்தால் நான் குறிப்பதில்லை, வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்தாளர் கி. ராஜநாராயணனை நினைத்துப் பாருங்கள், விவசாயம் பார்த்தவர், முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார், கரிசல்காட்டு மக்கள் வாயில் புழங்கிய சொற்களைச் சேர்த்து அகராதியே போட்டார். எல்லாம் காது செய்த வேலை.

படித்துக் காட்ட உங்களைப் புகழ்கிற நண்பர் மட்டும் வேண்டாம், பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறவர் தேவலை. எந்த வரியில் எழுந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் வெட்ட வேண்டும்.

திருத்திய கதையையும் அம்மாவிடம் படித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குச் சோறு போடும்போது கேட்டார்: "அந்தத் தூக்குவாளிய ஆறாம கொண்டுபோய்ச் சேத்தாளாடா?"